இரண்டு கோன், ஒரு விசில்: ஃபுட்பால் பசங்களின் ஃபிட்னஸை நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி?

பயிற்சி முடிந்ததும் "யாருக்கெல்லாம் மூச்சு வாங்குது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தனும் கை தூக்க மாட்டான், அதுவும் அடுத்த வாரம் டீம் தேர்வு என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் நாடியைப் பிடித்துவிடுவது நல்லது. 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த முறை சரியாக வரும்.

முதலில் பசங்களுக்கு நாடி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஓடி முடித்தவுடன் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கவாட்டில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்தால் சட்டென்று கிடைக்கும். கட்டைவிரல் வேண்டாம், அதற்கே தனியாக ஒரு துடிப்பு உண்டு. அழுத்தவும் கூடாது, அழுத்தினால் துடிப்பு குறைந்துவிடும். 10 விநாடி எண்ணி 6ஆல் பெருக்கணும். ஒரு துடிப்பை விட்டுவிட்டால் கணக்கில் 6 குறையும், அதனால் கையில் காசு இருந்தால் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை வாங்குங்கள். கை வாட்ச், ஓடித் திரும்பி ஓடும்போது சில நேரம் தப்பாகக் காட்டும்.

அடுத்து ஓட்டம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன் வையுங்கள். 8 விநாடிக்கு ஒரு விசில், ஒவ்வொரு விசிலுக்கும் அடுத்த கோனில் இருக்கணும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. 4 நிமிடம் ஓடணும். வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர்தான், மொத்தம் 600 மீட்டர். யாரையும் சாகடிக்கிற ஓட்டம் இல்லை, அதுதான் நமக்கு வேண்டும். நின்றதும் ஒரு தடவை எண்ணுங்கள், அப்புறம் உட்காரவைத்து சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பையனுக்கு நின்றதும் 174, ஒரு நிமிடம் கழித்து 138 என்று வைப்போம். ஆறு வாரம் கழித்து அதே ஓட்டத்துக்கு 162, 120 வந்தால் தேறியிருக்கிறான்: அதே வேலைக்கு இதயம் குறைவாக அடிக்கிறது, சீக்கிரமும் இறங்குகிறது. இரண்டு மூன்று துடிப்பு வித்தியாசத்துக்கெல்லாம் கைதட்ட வேண்டாம், தூக்கம் கெட்டாலே அவ்வளவு மாறும். வெயிலிலும், தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் துடிப்பு ஏறும், ஆகவே எப்போதும் ஒரே நேரம், ஒரே மைதானம், பயிற்சிக்கு முன்னால்.

பக்கத்துப் பையனோடு ஒப்பிடவே வேண்டாம். ஒரே வயதுக்காரர்களுக்கே உச்சத் துடிப்பில், அதாவது முழு மூச்சாக ஓடும்போது இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் அடிக்கும் எண்ணிக்கையில், 20 வரை வித்தியாசம் வரலாம். உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு பிள்ளைகளுக்குச் சரிப்படாது, பெரும்பாலும் 195 முதல் 205 வரைதான் இருக்கும், அது 10 வயதிலும் 15 வயதிலும் பெரிதாக மாறாது. இன்னொன்று, வளர வளர இதே ஓட்டத்துக்குத் துடிப்பு தானாகவே குறையும், ஒரு வருடம் கழித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நம் கோச்சிங் என்று மார்தட்ட முடியாது.

காய்ச்சல், சளி என்றால் அன்றைக்கு ஓடவிடாதீர்கள். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். இதய மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மைதானத்தில் இறக்க வேண்டாம், நோட்டில் எண்ணெல்லாம் நன்றாக இருந்தாலும்.