மேற்குச் சுவரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாலொமோன் கட்டிய ஆலயத்தில் இடியாமல் மிஞ்சிய ஒரே சுவர்." எருசலேமின் மேற்குச் சுவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பிரசங்க மேடையிலும் சுற்றுலா விளம்பரத்திலும் நம் காதில் விழும் வாக்கியம் இது. இந்த ஒரே வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. யூதர்களுக்கு இதைவிட நெருக்கமான தொழுகை இடம் வேறில்லை. அப்படிப்பட்ட இடத்தின் வரலாற்றைச் சரியாகச் சொல்வதுதான் அதற்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை.

முதலில் சாலொமோன். அவர் கட்டியதாக வேதாகமம் சொல்லும் ஆலயத்தைக் கி.மு. 586-இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் படை அழித்தது. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எழுப்பிய இரண்டாம் ஆலயத்தைப் பிரம்மாண்டமாகப் புதுப்பிக்கும் பணியை மகா ஏரோது ஏறத்தாழ கி.மு. 20-இல் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் பெருங்கற்கள் அந்தப் பணியைச் சேர்ந்தவை. ஓரங்களில் பட்டையாகச் செதுக்கி, நடுப்பகுதியைச் சற்றுப் புடைப்பாக விட்டிருப்பது ஏரோது காலத்து வேலையின் அடையாளம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து கிடையாது.

முழுச் சுவரையும் ஏரோதுவின் பெயரில் எழுதிவிடுவதும் சரியல்ல. சுவரின் அடித்தளத்துக்குக் கீழே இருந்த ஒரு பழைய சுத்திகரிப்புக் குளத்திலிருந்து ரோம ஆளுநர் வலேரியஸ் கிராத்துஸ் வெளியிட்ட நாணயங்கள் கிடைத்ததாக 2011-இல் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். அவை கி.பி. 17 அல்லது 18-இல் அச்சானவை. ஏரோது இறந்ததோ கி.மு. 4-இல். அப்படியானால் அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் சுவரின் அந்தப் பகுதியில் கல் ஏறவில்லை. வேலை ஏரோதுவின் கொள்ளுப்பேரன் இரண்டாம் அகிரிப்பா காலத்தில்தான் முடிந்தது என்றும், அப்போது பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலையாட்கள் பிழைப்பில்லாமல் நின்றார்கள் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, கி.பி. 70-இல், ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தை எரித்தது. தலைமுறைகளாக நடந்த கட்டுமானம் முழுமையாக நின்ற காலம் அவ்வளவு சொற்பம்.

அடுத்த பிழைதான் பெரியது. இது ஆலயத்தின் சுவரே அல்ல. மேடும் பள்ளமுமான மலையுச்சியைச் சமதளமாக்க ஏரோது நான்கு பக்கமும் பெருஞ்சுவர் எழுப்பி, உள்ளே வளைவு மண்டபங்களும் நிரப்பு மண்ணும் கொண்டு ஏறத்தாழ 14 ஹெக்டேர் பரப்புள்ள மேடையை உருவாக்கினார். ஆலயம் அந்த மேடையின் மேல் தனியாக நின்றது. மேற்குச் சுவர், மேடையைத் தாங்கும் தடுப்புச் சுவர்களில் ஒன்று. இது புரிந்துவிட்டால் நம் சபைகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கும் விடை கிடைக்கும். "ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு" என்று இயேசு ஆலயத்தைச் சுட்டிச் சொன்னார். இந்தச் சுவர் மட்டும் எப்படி நிற்கிறது? இது கட்டடத்தைச் சுமந்த மேடையின் சுவர் என்பதால்தான். மேலேயிருந்து ரோமர்கள் தள்ளிய கற்கள் தென்மேற்கு மூலையில், அன்றைய தெருவைப் பிளந்தபடி இன்றும் குவிந்து கிடக்கின்றன. சுவரைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குவியலையும் தவறவிடக் கூடாது என்பேன்.

'ஒரே சுவர்' என்பதும் நிற்காது. தெற்குச் சுவரும் கிழக்குச் சுவரும்கூட எஞ்சியிருக்கின்றன. கிழக்குச் சுவரில் ஏரோதுவுக்கு முந்தைய கட்டுமானமும் அவருடைய கட்டுமானமும் சேரும் செங்குத்தான இணைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழமைதான் அளவுகோல் என்றால் கூட்டம் அங்கேதான் கூட வேண்டும். மேற்குப் பக்கம் புனிதமானதற்குக் காரணம் அது அமைந்த இடம். ஆலயத்தின் மிகப் புனிதமான உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் மேற்கு முனையில் இருந்தது. இறைப் பிரசன்னம் மேற்குச் சுவரை விட்டு ஒருபோதும் நீங்கவில்லை என்று யூத ஆசிரியர்களின் பழைய விளக்க உரைகள் சொல்லும். கல்லை யாரும் வணங்குவதில்லை; அதற்கு அப்பாலிருந்த இடத்தை நோக்கியே நிற்கிறார்கள்.

படங்களில் தெரியும் பகுதியை முழுச் சுவர் என்று எண்ணுவதும் வழக்கமான தவறு. மேற்குச் சுவரின் மொத்த நீளம் 488 மீட்டர். திறந்தவெளித் தொழுகைப் பகுதி 60 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மீதியில் பெரும்பங்கு பழைய நகரத்தின் வீடுகளுக்குப் பின்னாலும் அடியிலும் மறைந்திருக்கிறது. அந்த மறைந்த பகுதியை ஒட்டிய சுரங்கப் பாதையில் நடந்தால் 13 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒற்றைக் கல்லைப் பார்க்கலாம். அதன் எடை எத்தனை நூறு டன் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதனால் யாராவது ஓர் எண்ணை அடித்துச் சொன்னால் அப்படியே எழுதிவிட வேண்டாம். உயரத்திலும் பல காலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தரைக்கு மேல் தெரியும் முதல் ஏழு வரிசைகள் ஏரோது காலப் பணி. மேலேயுள்ள சிறிய கற்கள் உமையா கலீபாக்களின் இஸ்லாமிய ஆட்சியையும் அதற்குப் பிந்தைய காலங்களையும் சேர்ந்தவை.

"கி.பி. 70 முதல் யூதர்கள் இங்கேயே அழுது தொழுதுவருகிறார்கள்" என்ற வரி உருக்கமாக இருக்கிறது, உண்மையாக இல்லை. ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா கிளர்ச்சி 135-இல் ஒடுக்கப்பட்டபின் யூதர்கள் நகருக்குள் வரவே தடை வந்தது. 333-இல் போர்தோவிலிருந்து வந்த கிறிஸ்தவ யாத்திரிகர், யூதர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து துளையுள்ள ஒரு கல்லில் எண்ணெய் பூசிப் புலம்பியதைக் குறித்துவைத்தார். அந்தக் கல் இருந்தது ஆலயம் நின்ற மலைமேல், இந்தச் சுவரடியில் அல்ல. பிறகு பல நூற்றாண்டுகள் ஒலிவ மலையிலும் பழைய ஆலய வளாகத்தின் வாயில்களருகிலும் தொழுகை நடந்தது. இன்றைய இடம் நிலையான தொழுகைத் தலமானது 16ஆம் நூற்றாண்டில், ஒட்டோமான் ஆட்சியில். ஏக்கம் தொடர்ந்தது, அதை வெளிப்படுத்திய இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஆலயத்தின் அழிவை நினைத்து யூதர்கள் துக்கம் காக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் இரவில் தரையில் அமர்ந்து எரேமியாவின் புலம்பலை வாசிப்பவர்களைப் புரிந்துகொள்ள இந்த இடமாற்றங்களையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சுவரின் கதையில் ஒரு சமயத்தை மட்டும் வைத்து மற்றதை அழித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நபிகள் நாயகம் இரவுப் பயணத்தில் தம் ஊர்தியான புராக்கைக் கட்டிய இடம் இது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அவர்களுக்கு இது புராக் சுவர். மேலேயுள்ள வளாகம் முழுவதும் அல்-அக்ஸா. பொன்னிறக் குவிமாடத்தின் படத்தைப் போட்டு 'அல்-அக்ஸா பள்ளிவாசல்' என்று தலைப்பிடுவதையும் நிறுத்த வேண்டும்: அது 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலீபா அப்துல் மலிக் கட்டிய பாறைக் குவிமாடம், பள்ளிவாசல் தெற்கு ஓரத்தில், ஈயநிறக் குவிமாடத்தோடு நிற்கிறது.

சுவர் யாருக்கு என்ற தகராறு 1929 கலவரத்தில் வெடித்து, யூதர், அரபியர் இரு தரப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 1948 முதல் 1967 வரை யோர்தான் ஆட்சியில், போர்நிறுத்த உடன்படிக்கை அனுமதித்திருந்தும், யூதர்களால் இங்கே வர முடியவில்லை. 1967 ஆறு நாள் போரில், ஜூன் 7-இல், இஸ்ரேலியப் படை பழைய நகரைக் கைப்பற்றியது. அதுவரை சுவரின் முன் இருந்தது குறுகிய சந்துதான். இன்றைய பரந்த முற்றம், அந்தப் போரின் முடிவில் மக்ரிபியர் (வடமேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) குடியிருப்பின் சுமார் 135 வீடுகள் இடிக்கப்பட்டதால் உண்டானது. சுல்தான் சலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்தல் 1193-இல் ஏற்படுத்திய குடியிருப்பு அது. பத்தொன்பது ஆண்டுத் தடையைச் சொல்கிறவர் இந்த வீடுகளையும் சொல்ல வேண்டும். வீடுகளைச் சொல்கிறவர் தடையையும் சொல்ல வேண்டும்.

தமிழக அரசின் உதவித்தொகையோடு எருசலேம் போகும் கிறிஸ்தவர்கள் இருப்பதால் சில நடைமுறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அப்போது படம் பிடிப்பதும், கைபேசியை எடுப்பதும், சுவரின் இடுக்குகளில் செருக அங்கேயே வேண்டுதல் சீட்டு எழுதுவதும் கூடாது. ஆண்கள் தலையை மூட வேண்டும்; தொப்பி அங்கேயே கிடைக்கும். பிறர் செருகிய சீட்டை நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை அவற்றைச் சேகரித்து ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். குழுவாகக் கைதட்டிப் பாடி ஜெபிக்கவும் இது இடமல்ல. மேலே வளாகத்துக்குப் போக நினைப்பவர்கள் வேதாகமத்தைக் கையில் கொண்டுபோக வேண்டாம், சோதனையில் நிறுத்திவிடுவார்கள்; வெள்ளி, சனிகளில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. சுரங்கப் பாதைக்கு முன்பதிவு தேவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சுவரடியில் தனித்தனிப் பகுதிகள் என்பதால், குடும்பமாகப் போகிறவர்கள் எங்கே மறுபடி சந்திப்பது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.