மெஷின் குவில்டிங்: பஞ்சு, ஊசி, நூல் மூன்றிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக ஓடியிருக்கும். திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் நூல் சுருண்டு சுருண்டு குருவிக்கூடு மாதிரி மண்டிக் கிடக்கும். குவில்ட், அதாவது மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கப் பழகும் பெரும்பாலானோர் இதைப் பார்த்திருப்பார்கள். சிக்கல் அடியில் தெரிவதால் சந்தேகம் நேராக, அடிநூல் சுற்றிய பாபின் மேல் போகும். பாபின் கேஸின் சின்னத் திருகைத் திருகத் தொடங்கிவிடுவோம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அடியில் நூல் மண்டினால் பெரும்பாலும் குறை மேல்நூலில்தான். துணியை அழுத்தும் மெஷின் பாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்திருப்பீர்கள். அப்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலோடு நின்றுவிடும். பிடிமானம் இல்லாத நூலைக் கீழிருக்கும் கொக்கி இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். பாதத்தைத் தூக்குங்கள், நூலை முழுக்க உருவுங்கள், மறுபடி கோத்துத் தைத்துப் பாருங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கிற பல நேரங்களில் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் வைத்த பஞ்சும், மாட்டிய ஊசியும், கோத்த நூலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான் பிரச்சினை.

பஞ்சிலிருந்து தொடங்கலாம். மேல்துணிக்கு நாள்கணக்கில் நிறம் பார்ப்பவர்கள்கூட, நடு அடுக்கான பேட்டிங்கை ஏதோ ஒன்று போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். உறையில் ஒரு அளவு அச்சிட்டிருக்கும்: இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று. அதைப் படிக்காமல் விடுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. மெல்லிய வலை வைத்து ஊசியால் குத்தி இறுக்கிய சில வகைகள் 8 முதல் 10 அங்குலம் வரை தாங்கும். வலை இல்லாத தளர்ந்த பருத்திப் பஞ்சுக்கு 2 முதல் 4 அங்குலத்துக்குள் தையல் வேண்டியிருக்கும். மீறினால் தைத்த அன்று ஒன்றும் தெரியாது. சில சலவைகளுக்குப் பிறகு பஞ்சு மூலைக்கு மூலை உருண்டு திரளும், அதைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது.

புசுபுசுவென்று இருக்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வீட்டு மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே உள்ள இடம் குறைவு. சுருட்டிய குவில்ட் அதற்குள் அடங்காது. பாலியஸ்டர் வழுக்கவும் செய்யும், அதனால் அடித்துணி நகர்ந்து சுருக்கம் விழும். பருத்தி துணியைப் பற்றிக்கொள்ளும். முதல் குவில்ட்டுக்கு மெல்லிய பருத்தியோ, 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்ததோ எடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பருத்திப் பஞ்சு பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 60 அங்குலக் குவில்ட் 2, 3 அங்குலம் குறையும். அப்போது விழும் சுருக்கங்களின் அழகுக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, எனக்கும் அது பிடிக்கும்.

நான் மனம் நொந்த தவறு வேறு. கருநீலத் துணிக்குள் வெள்ளைப் பஞ்சு வைத்துத் தைத்தேன். ஒரு மாதத்தில் துணி முழுக்க வெள்ளை முடி முளைத்தது மாதிரி இழைகள் வெளியே வந்தன. பிடித்து இழுத்தேன், இழுக்க இழுக்க உள்ளேயிருந்து இன்னும் வந்தது. அந்த இழையை இழுக்கவே கூடாது, துணியோடு ஒட்டக் கத்தரிக்க வேண்டும். கருமையான துணிக்குக் கறுப்புப் பஞ்சே கிடைக்கிறது. ஊசி தேவைக்கு மேல் தடியாக இருந்தாலும், முனை மழுங்கியிருந்தாலும் இப்படி ஆகும், ஏனென்றால் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் இழை வெளியே வருகிறது.

மீந்த பஞ்சுத் துண்டுகளை இணைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித் தைக்காதீர்கள், மேடு தட்டும். விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்து அகல ஜிக்ஜாக் போட்டால் போதும். அப்புறம், உறையிலிருந்து எடுத்ததும் வெட்ட வேண்டாம். ஓர் இரவு விரித்துப் போட்டால் மடிப்புக் கோடுகள் தளரும்.

சரி, ஊசி. 75/11 என்றால் ஊசித் தண்டின் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 11 அதே அளவின் பழைய எண். 90/14 அதைவிடத் தடி. மெஷினோடு வந்த யுனிவர்சல் ஊசியின் முனை லேசாக உருண்டிருக்கும். நெருக்கமாக நெய்த பருத்தியில் அது இழைகளை ஒதுக்கிக்கொண்டு போவதால் நேர்கோட்டுத் தையல் லேசாகக் கோணும். குவில்டிங் ஊசியின் முனை ஒல்லியாகக் கூர்ந்திருக்கும், மூன்று அடுக்கையும் சுலபமாகத் துளைக்கும். நூல் அடிக்கடி பிசிறி அறுந்தால் டாப்ஸ்டிச் ஊசிக்கு மாறுங்கள், அதன் காது பெரியது.

காது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மெஷினில் மாட்டாமல் ஊசியைக் கையிலேயே ஓர் அடி நூலில் கோத்துக்கொள்ளுங்கள். நூலின் இரு முனையையும் விறைப்பாகப் பிடித்து ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் நின்றால் நூலுக்குக் காது சின்னது.

ஒரு ஊசியை உடையும் வரை ஓட்டுவதும் வழக்கமான தவறு. சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியில் இறங்கும்போது டப் டப் என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். துணியைக் கையாலேயே எல்லாப் பக்கமும் நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷனில், துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடையும், கண்ணுக்கு ஆபத்து.

நூலில் பலரைக் குழப்புவது எண். 50 என்பது 40-ஐவிட மெல்லியது, எண் ஏற ஏற நூல் மெலியும். 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை இருந்தால் அது 40 எண் நூல், அவ்வளவுதான் கணக்கு. தையல் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் 40, துணியோடு கலந்துவிட வேண்டுமென்றால் 50. 12 போன்ற தடி நூலை 75 ஊசியில் கோத்தால் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

கைத்தையலுக்கான குவில்டிங் நூலை மெஷினில் போடவே கூடாது. அதன் மேல் பளபளப்பான பூச்சு இருக்கும். அது டென்ஷன் தட்டுகளில் உரிந்து படியும். நைலானில் செய்த கண்ணாடி நூல் (நிறமில்லாமல் ஊடுருவித் தெரியும் நூல்) இஸ்திரிச் சூட்டில் உருகும், பாலியஸ்டரில் செய்தது தேவலாம். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய கண்டைப் படுக்கவைத்து நூல் தலைப்பக்கமாக வரும்படியும், வரிவரியாகச் சுற்றியதை நிற்கவைத்துப் பக்கவாட்டில் வரும்படியும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் நூல் முறுக்கிக்கொள்ளும்.

மேலே வெள்ளை, பாபினில் கறுப்பு என்று எதிர் நிறம் வைத்தால் சின்ன டென்ஷன் பிசகும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், சற்றுக் குறையுங்கள்.

குவில்ட்டில் கை வைக்கும் முன் அதே துணி, அதே பஞ்சில் ஒரு சாண் துண்டு அடுக்கித் தைத்துப் பாருங்கள். நான் அந்தத் துண்டின் மேலேயே பேனாவால் ஊசி எண், நூல் எண், டென்ஷன் எண் மூன்றையும் எழுதி மெஷின் பெட்டியில் போட்டுவைக்கிறேன்.