வளரும் பிள்ளைக்குச் சீருடை: வெள்ளைக் கவுனை வீட்டில் தைக்கும் முறை

இலங்கையில் 1993ஆம் ஆண்டு முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. துணி இலவசம் என்றாலும் தையற்கூலி பெற்றோரின் கையிலிருந்துதான் போகிறது. மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு, ஆகஸ்ட் மாதத்தில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்ட கவுனுக்குப் பதிலாக இன்னொன்று தைப்பது இலேசான செலவல்ல. ஆகவே வீட்டிலிருந்து தைக்கும் ஒருவர் ஜனவரி மாதத்து அளவை மட்டும் நம்பி வெட்டக்கூடாது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளை வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 சென்ரிமீற்றர், அதாவது 2 அங்குலத்துக்குச் சற்று மேலாக வளர்கிறது. அந்த வளர்ச்சிக்குரிய துணியை உடையின் உள்ளேயே மறைத்து வைத்து, வேண்டியபோது பிரித்து விடக்கூடியவாறு தைப்பது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன். இடுப்பில் மடிப்பு வைத்த மாணவியர் கவுனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கழுத்துக் கொலரின் வடிவமும் மடிப்புகளின் எண்ணிக்கையும் பாடசாலைக்குப் பாடசாலை மாறும். அதனால் அதே பாடசாலையில் படிக்கும் பிள்ளை ஒன்றின் பழைய கவுனைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

துணி கைக்கு வந்தவுடன் முதல் வேலை அதை நனைத்துக் காயப்போடுவதுதான். பொலியெஸ்டர் கலந்த துணி அதிகம் சுருங்காது. ஆனால் தனிப் பருத்திப் பொப்ளினாக இருந்தால் முதற் சலவையிலேயே நீளம் குறைந்துவிடும், நீங்கள் வளர்ச்சிக்கென்று விட்டுவைத்த துணியில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துபோகும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் டிசம்பர் மாதம் வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதால் வெயிலை எதிர்பார்த்துத் துணியைத் தள்ளிப்போட முடியாது. அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் ஜனவரி பிறந்தால் பெரும்பாலும் வெயில் தட்டும். மழைநாளில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் வெள்ளைத் துணிக்கு அது கூடாது. விறகுப் புகை பட்ட துணி மஞ்சளாகும், வாடையும் எளிதில் போகாது. நனைத்த துணியைப் பிழியாமல் நீரை வடிய விட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் விரித்துப் போட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறமாக அயன் பண்ணி முழுவதுமாக உலர்த்திவிடுங்கள்.

தைப்பதற்குப் புதிய மின்மெசின் வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். பழைய கறுப்புக் கால்மெசின் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மழைக்கு மின்சாரம் போனாலும் அது நிற்காது. சிங்கர் மெசின் இலங்கைக்கு வந்தது 1877இல். மலையகத்தில் பாட்டி காலத்து மெசின்கள் இன்னும் ஓடுகின்றன. அவை கெடுவது பெரும்பாலும் எண்ணெயினால்தான். வீட்டில் இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயை விடுகிறார்கள். அது சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. காலையில் மிதியை அழுத்தும்போது சக்கரம் இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் அதுவே. நாளடைவில் அந்த எண்ணெய் பஞ்சோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெசின் எண்ணெய் என்று கேட்டு வாங்கி ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பழந்துணி ஒன்றை வைத்துச் சற்று நேரம் ஓட்டித் துடைத்த பின்பே வெள்ளைத் துணியை ஊசிக்கடியில் வையுங்கள். மெசினைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்தால் சுவரின் ஈரம் இரும்பில் ஏறாது. நடுத்தரத் தடிப்புள்ள சீருடைத் துணிக்கு 14ஆம் இலக்க ஊசியும், மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசியும் பொருந்தும்.

இனி அளவு. மலையகத்துப் பிள்ளை கவுனுக்குள் தடித்த பெனியனும் மேலே சுவெட்டரும் போடும். எனவே பெனியனோடு நிற்கவைத்தே மார்பளவை எடுக்க வேண்டும். மார்பு 26 அங்குலம் என்றால் தளர்வுக்கு 4 அங்குலம் சேர்த்து 30 அங்குலம், இடுப்பில் தைத்து முடிந்த சுற்றளவு 28 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். கையை உப்பலாக வைக்காதீர்கள். சுவெட்டருக்குள் அது சுருண்டு முழங்கைக்கு மேலே முடிச்சு விழுந்ததுபோல நிற்கும். நேரான கை, அடியில் ஒன்றரை அங்குல மடிப்பு, அவ்வளவே.

பாவாடைப் பகுதியின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். துணி அளவோடு கிடைப்பதால், சுற்றிலும் நெருக்கமாக மடிப்பு வைத்தால் இடுப்பளவின் மூன்று மடங்கு, அதாவது 84 அங்குலம் தேவைப்படும், அது கட்டாது. அதற்குப் பதிலாக இடைவெளி விட்டு உள்நோக்கிய பெட்டி மடிப்புகள், அதாவது இரு பக்கத்துத் துணியும் உள்ளே மடிந்து நடுவில் சந்திக்கும் மடிப்புகள், எட்டு வைத்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் 1 அங்குல ஆழமுள்ள அத்தகைய மடிப்பு ஒன்றுக்கு 4 அங்குலத் துணி செல்லும். எட்டு மடிப்புக்கு 32, இடுப்புக்கு 28, மொத்தம் 60 அங்குலம். முன்னும் பின்னுமாக இரண்டு துண்டுகள் என்பதால் துண்டொன்றுக்கு 30 அங்குலம், இரு பக்கத் தையலுக்கும் ஒவ்வோர் அங்குலம் சேர்த்து 32 அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் இது குறுக்காகவே அடங்கிவிடும். அடையாளம் இடும்போது ஓரத்திலிருந்து 1 அங்குலம் தையலுக்கு, பின் ஒன்றே முக்கால் அங்குலம் வெறுமையாக, பின் 4 அங்குலம் மடிப்புக்கு, அதன் பிறகு மூன்றரை அங்குல இடைவெளியும் 4 அங்குல மடிப்பும் மாறி மாறி வர, நான்காம் மடிப்புக்குப் பின் மீண்டும் ஒன்றே முக்காலும் ஓர் அங்குலமும் எஞ்ச வேண்டும். கூட்டிப் பார்த்தால் 32 வரும், வராவிட்டால் வெட்டாதீர்கள். நீளத்துக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை 17 அங்குலம் என்றால் அடிமடிப்புக்கு 4 அங்குலமும் இடுப்புத் தையலுக்கு அரை அங்குலமும் சேர்த்து இருபத்தொன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

மேலுடம்புத் துண்டுகளிலும் பக்கத் தையலுக்கு 1 அங்குலம் விடுங்கள். பின்னால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அரை அங்குலம் பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். பாவாடையின் பக்கத் தையலும் அதே அளவு விரியுமாதலால் இடுப்பில் இரண்டும் பொருந்தும். மேலுடம்பின் நீளத்தில் வழக்கமான அளவை விட 1 அங்குலம் கூட்டி வெட்டுங்கள். இந்த ஓர் அங்குலம் எங்கே போகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வெள்ளைத் துணியில் மெழுகு கலந்த சோக்கால் கோடு போட்டால் அயன் சூட்டில் உருகி எண்ணெய்க் கறைபோல் நின்றுவிடும். மண்சோக்காக இளநீலத்தில் வாங்கி உட்புறத்தில் மட்டும் மெல்ல இழுக்கலாம். மடிப்புக் குறிகளுக்கு அதுவும் வேண்டாம். துணியின் மேலோரத்தில் கத்தரிக்கோல் நுனியால் மிகச் சிறிய வெட்டு ஒன்று இட்டாலே போதும்.

வீட்டில் தைப்பவர்கள் பலர் ஓரம் அடிப்பதற்கு டவுன் கடைக்குக் கொடுப்பதுண்டு. அங்கே ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசினில் கத்தி ஒன்று இருக்கிறது. தைத்து முடித்த கவுனை அப்படியே கொடுத்தால், நீங்கள் அக்கறையாக விட்டுவைத்த ஓர் அங்குலத்தை அது கால் அங்குலமாகச் சீவித் தள்ளிவிடும். ஆகவே தைப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கொடுத்து, ஓரத்தை வெட்டாமல் அடிக்கச் சொல்ல வேண்டும். கடைக்கு அனுப்ப வசதியில்லையென்றால் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடலாம். பார்ப்பதற்கும் அதுவே எனக்குப் பிடிக்கும்.

தைக்கும் ஒழுங்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பக்கத் தையல் கடைசியில் வர வேண்டும். தோள்களை இணைத்து, கொலரை வைத்து, கைகளைத் துணி விரிந்து கிடக்கும் நிலையிலேயே கைவளைவில் பொருத்திவிட்டு, அதன் பிறகு கை ஓரத்திலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை அடியுங்கள். அப்படிச் செய்தால் பின்னாளில் அகலம் கூட்டும்போது கையைக் கழற்ற வேண்டியிருக்காது. திறப்பு முன்புறமோ பின்புறமோ, பாடசாலை மாதிரிப்படி இருக்கட்டும். சிப் வைக்காமல் பொத்தான் வையுங்கள். இடுப்புக்குக் கீழே பாவாடையிலும் 4 அங்குலம் பிளந்து பட்டி வைத்தால் பிள்ளை எளிதாகப் போட்டுக் கழற்றும்.

சிப்பை விலக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலுடம்பில் கூட்டி வெட்டிய அந்த ஓர் அங்குலத்தை, இடுப்புத் தையலுக்கு அரை அங்குலம் மேலே, உட்புறமாக அரை அங்குல மடிப்பாகச் சுற்றிலும் பிடிக்க வேண்டும். பொத்தான் பட்டியின் மேல் அந்த மடிப்பு தடையின்றி ஏறும். சிப்பின் மேல் ஏறாது. சாதாரணத் தையலுக்கு அங்குலத்துக்கு 12 தையல் என்றால் இந்த மடிப்புக்கு 6 போதும், பிறகு நூலை இழுத்தாலே கழன்றுவிடும். அதே துணியில் ஒன்றரை அங்குல அகலப் பட்டி தைத்து இடுப்பில் கட்டினால் மடிப்பின் கோடு வெளியே தெரியாது.

அடிமடிப்பை மெசினில் அடிக்காதீர்கள். மெசின் தையல் போட்ட இடத்தில் ஊசித்துளைகள் நிலைத்துவிடும், அந்த வரியில் அழுக்கும் சேரும். கையால், இரண்டு இழைகளை மட்டும் பிடித்து, அரை அங்குலத்துக்கு ஒரு தையலாகப் போட்டால் வெளியே புள்ளிகூடத் தெரியாது. வெள்ளையில் வெள்ளை நூலைப் பார்க்கக் கண் கூசும். மடியில் கறுப்புத் துணியொன்றை விரித்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் தையுங்கள்.

குண்டூசிகளை இரவில் துணியில் குத்தியபடி விட்டுவிட்டால் மூடுபனிக் காலத்தில் விடியும்போது துருக்கறை இருக்கும். அதற்குப் பிளீச் போடக்கூடாது, கறை இன்னும் இறுகிவிடும். எலுமிச்சம் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் மங்கும். தைத்து முடித்ததைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தலையணை உறையில் போட்டுக் கொடுங்கள். கூலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால் முற்பணத்தையும் மீதியையும் அதற்கேற்பப் பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் வசதி. கொப்பியில் பிள்ளையின் அளவுகளோடு, எங்கெங்கே எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

வருட நடுவில் கவுன் திரும்பி வரும்போது முதலில் இடுப்பின் உள்மடிப்பைப் பிரியுங்கள். மேலுடம்பு நீண்டு இடுப்பு உரிய இடத்தில் நின்ற பிறகே பாவாடை எவ்வளவு இறங்க வேண்டும் என்பது தெரியும். அடிமடிப்பை ஒரேயடியாக அவிழ்க்காமல் 2 அங்குலம் இறக்கி, மீதி 2 அங்குலத்தை அடுத்த தவணைக்கு விட்டுவையுங்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் கோடு விழுந்திருக்கும். ஒரு பங்கு வினாகிரியில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உள்பக்க ஓரத்தில் சோதித்துப் பார்த்த பின், அந்தக் கோட்டில் தடவி ஈரத்துணி போட்டு அயன் பண்ணினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால் பாடசாலை அனுமதிக்குமானால் கோட்டின் மேலேயே கால் அங்குல மடிப்பு ஒன்றைச் சுற்றிலும் பிடித்துவிடலாம். அதற்கு அரை அங்குல நீளம் செலவாகும் என்பதால் அடிமடிப்பை அவிழ்க்கும்போதே அந்த அரை அங்குலத்தையும் சேர்த்து இறக்கிக்கொள்ள வேண்டும்.