அடி தட்டாத கார்: இட்டேரிக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பார்ப்பது எப்படி

ஷோரூமில் "அடி தட்டுமாங்க?" என்று கேட்டால் 165, 190 என்று ஒரு மில்லிமீட்டர் கணக்கைச் சொல்வார்கள். அதுதான் கிரவுண்ட் கிளியரன்ஸ்: வண்டிக்கு அடியில் தாழ்ந்திருக்கும் பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. விளம்பரத்தில் வரும் அந்த அளவு பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டிக்கு எடுத்தது. ஸ்கோடா ஸ்லாவியாவைப் பாருங்கள்: காலியாக 179 மி.மீ., முழுச் சுமையோடு 145 மி.மீ. ஐந்து பேரும் பெட்டியும் ஏறியதும் 34 மி.மீ. போய்விட்டது. அதனால் வண்டியை அளப்பதற்கு முன்னால், தினமும் போய்வரும் தடத்தை அளந்துவிடுங்கள். இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

தடத்தை அளப்பது

தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) போகும் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடத்தில், டிராக்டர் ஓடி ஓடிச் சக்கரம் உருளும் இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். நடுவில் மண் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். கார் அடிவாங்குவது அதிகமும் இங்கேதான். கொத்தனாரிடம் இருக்கும் மட்டப்பலகையை அந்த நடுமேட்டின் மேல் குறுக்கே வைத்து, சாயாமல் பிடித்துக்கொண்டு, பலகையின் அடியிலிருந்து இரண்டு குழிவின் தரை வரைக்கும் டேப்பால் அளங்கள். இரண்டின் சராசரிதான் மேட்டின் உயரம். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. வளைவு, கேட்டுக்கு முன்னால், வண்டிகள் ஒதுங்கும் இடம் என்று நான்கைந்து இடங்களில் பார்த்து, இருப்பதிலேயே பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். புல் மூடியிருந்தால் விலக்கிப் பாருங்கள், உள்ளே கல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் இளகிச் சக்கரம் கொஞ்சம் இறங்கும் என்பதால் இன்னும் 30 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மேடு 120 என்றால், ஆள் ஏறிய பிறகும் 150 மி.மீ. மிஞ்சும் வண்டிதான் உங்களுக்கு.

அடுத்தது கிளை வாய்க்கால் பாலம். கீழ்பவானிப் பாசனத்திலும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்திலும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் உடனே இறங்கும் சின்னப் பாலங்கள் நிறைய. இங்கே கிளியரன்ஸ் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், வீல்பேஸும் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) சேர்ந்துதான் வேலை செய்கிறது. முன் சக்கரம் உச்சியைத் தாண்டிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை என்ற நேரத்தில் நடுவயிறு உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். கணக்கு எளிது. எட்டடி தூரத்தில் ஓரடி ஏறி, அதே சரிவில் மறுபக்கம் இறங்கினால், வீல்பேஸில் பாதியை எட்டால் வகுங்கள். நடுவயிற்றுக்கு அவ்வளவு உயரமாவது வேண்டும். ஆறடிக்கு ஓரடி ஏற்றம் என்றால் ஆறால் வகுக்க வேண்டும். பாலத்தின் இரண்டு சரிவும் வண்டி நீளத்துக்காவது இருக்கும்போது இந்தக் கணக்கு சரியாக வரும்.

எட்டுக்கு ஒன்று சரிவில் 2,450 மி.மீ. வீல்பேஸ் உள்ள ஸ்விஃப்டுக்கு 153 மி.மீ. வேண்டும். 2,850 மி.மீ. உள்ள இன்னோவா ஹைகிராஸுக்கு 178 வேண்டும். நீள வண்டி உயரமாகத் தெரிந்தாலும் குட்டை வண்டி தாண்டும் இடத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஸ்விஃப்டின் கிளியரன்ஸ் 163, ஒருவர் மட்டும் போனால் தப்பிக்கலாம். கல்யாணத்துக்கு ஐந்து பேர் கிளம்பினால் தட்டும்.

வேகத்தடையைப் பொறுத்தவரை, சாலை அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி போட்டது 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம்தான் இருக்கும். அதில் எந்தக் காரும் தட்டாது. ஊருக்குள் ஆளுக்கொரு கணக்கில் சிமெண்டைக் குவித்துப் போட்டிருக்கும் இரண்டடி அகல மேடுதான் வில்லங்கம். அவ்வளவு குறுகலான மேட்டில் சக்கரம் ஏறி இறங்கிவிடும், மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில் நிற்கும். உங்கள் ஊரில் மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளந்து வையுங்கள்.

வண்டியை அளப்பது

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆட்களோடு போங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சமதரையில் நிறுத்தி, காலியாக ஒரு தடவையும் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு தடவையும் அளங்கள். தேவையான உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு போனால் இன்னும் சுலபம். குச்சியை நிமிர்த்திப் பிடித்தபடி அடியில் நகர்த்தினால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப், சைலன்சர் பைப்பின் இணைப்பு, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், பின் ஆக்ஸில், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஸ்டெப்னி அடியில் தொங்கும் வண்டியென்றால் அதுவும். முன் பம்பருக்குக் கீழே தொங்கும் ரப்பர் பட்டை தட்டினால் சத்தம்தான் வரும், சேதமில்லை. சம்ப் அப்படியல்ல. அலுமினியமாக இருந்தால் விரிசல் விடும். தகடாக இருந்தால் நசுங்கி, உள்ளே ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டரின் எடை எப்போதும் பின்னால்தான் இருக்கும், பின்பக்கத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டி தரைக்கு அடியில் விரிந்து கிடக்கிறது. பெட்ரோல் காரில் பைப் மட்டும் போகும் இடத்தில் இங்கே வண்டியின் விலை உயர்ந்த பாகம் இருக்கிறது. மண் தடத்துக்கு மின்சாரக் கார் எடுப்பதானால் சுமையோடு 170க்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

ஒரு வேடிக்கை. எஸ்.யு.வி. எது என்று வரிக்காக வரையறுத்தபோது நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், கிளியரன்ஸ் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று வைத்தார்கள். அந்த 170 எந்த நிலையில் என்ற குழப்பத்தை 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் தீர்த்தது: காலி வண்டிக்கு. வரி போடுகிறவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தால் வாங்குகிறவர் டேப் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வண்டி

தார் ரோடும் மாதம் இரண்டு மூன்று தடவை தோட்டமும் என்றால் காலியாக 180க்கு மேல், வீல்பேஸ் 2,500க்குள் இருக்கும் சின்ன வண்டியே தாராளம். டாடா பஞ்ச் (187, வீல்பேஸ் 2,445), பிரெஸ்ஸா (198, 2,500) இந்த வகை. தினமும் இட்டேரியில் ஐந்து பேரோடு போகிறீர்கள் என்றால் காலியாக 200க்கு மேல் பாருங்கள். ஹோண்டா எலிவேட் 220. மஹிந்திரா தார் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 226 இருக்கிறது. ஆனால் தென்னந்தோப்புக்குள் போய்வர மட்டும் அதை வாங்க வேண்டியதில்லை. அது கைகொடுப்பது சேற்றில்தான்: அங்கே சிக்குவது பிடிமானம் இல்லாததால், உயரம் குறைந்ததால் அல்ல.

வால்பாறைக்கும் திம்பத்துக்கும் போக வேண்டும் என்று உயர வண்டி கேட்பவர்கள் உண்டு. அது தார்ச் சாலை. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் திம்பத்தின் 27 வளைவுகளிலும் உதவுவது வண்டி சின்ன வட்டத்தில் திரும்புவதும், இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும்தான். உயரம் கூடக்கூட இன்னொரு தொல்லையும் வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கும்போது உயர வண்டி நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் இழுக்கும். அப்பத்தாவையும் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் கிளியரன்ஸ் கணக்கு உதவாது. பஞ்ச்சுக்கு நிறுவனம் சொல்லும் தண்ணீர் ஆழ வரம்பு 370 மி.மீ., தாருக்கு 650. அதுவும் தேங்கிய தண்ணீருக்கு. தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்கவே இறங்காதீர்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வாங்கிய பிறகு உயர்த்துவது

பெரிய டயர் போடுவதில் கிடைப்பது கொஞ்சம்தான். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 13 மி.மீ. கூடும், வண்டி உயர்வது அதில் பாதி, 6.5 மி.மீ. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 2 சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங்குக்கு நடுவே வைக்கும் ரப்பர் பஃபர் சுமை ஏறும்போது பின்பக்கம் அமுங்குவதைக் குறைக்கும், ஆனால் காலி வண்டியில் முதுகு உணரும். ஸ்பேசர் (ஸ்பிரிங்கை உயர்த்தும் வளையம்) வைத்து முழு வண்டியையும் தூக்கினால், எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட் சாய்ந்த கோணத்தில் சுற்றித் தேயும், அலைன்மென்ட் மாறும், வாரண்டியும் போகலாம். இதைவிட இரும்புத் தகட்டில் சம்ப் கார்டு போடுவது மேல். அது 10 முதல் 15 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் சேருங்கள். ஆயில் மாற்றும் போல்ட்டுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடு மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்பு வரை அளங்கள். இடதுக்கும் வலதுக்கும் 15 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றி சம்பையும் சைலன்சர் இணைப்பையும் தடவிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓட்டும்போது, மேட்டின் மேல் பிரேக்கை அழுத்தி வைத்திருந்தால் மூக்கு தாழும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டு ஏறுங்கள். ஆழமான டிராக்டர் தடத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றி ஓட்டுங்கள். பலமாக ஒரு தட்டு தட்டிவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துக் கீழே சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரைக்கும்கூட ஓட்டாமல் எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.