பனிக்காலத்தில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் காரில், வளைவில் ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகமாக மிதித்தால் கார் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். பின்சக்கரங்கள் தள்ளும் காரில் அதே மிதி வால்பகுதியை வெளியே வீசும். மிதிப்பது மட்டுமல்ல, காலைச் சட்டென்று எடுப்பதும், கியரை இறக்குவதும்கூடப் பின்பக்கத்தைத் திருப்பிவிடும். ஆக, இந்தக் காருக்கு ஸ்டியரிங் இரண்டு: ஒன்று கையில், மற்றது வலது காலடியில். பனியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது ஸ்டியரிங்கை மறப்பதால் வருகின்றன. மிச்சம், டயரில் காட்டும் கஞ்சத்தனத்தால்.

டயரில் செய்யும் தவறுகள்

ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் கோடைக்கால டயரோடுதான் விற்பனைக்கு வரும். அந்த ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பனியே விழாத காய்ந்த சாலையிலும் பிடி குறையும். பனியில் பிடி என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. பந்தயத் தடத்துக்கு நெருக்கமான டயர்கள் கடுங்குளிரில் உருளும்போது விரிசல்கூட விடும். "மெதுவாகத்தானே ஓட்டப் போகிறோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. டயர் பிடிக்காத இடத்தில் மெதுவாகப் போனாலும் நிறுத்த முடியாது.

டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. வெறும் 'எம்+எஸ்' எழுத்தை நம்ப வேண்டாம். அது டயரின் பள்ளங்கள் அமைந்த விதத்தைக் குறிப்பது. சோதனையில் தேறியதைக் குறிப்பதல்ல.

அடுத்த தவறு கொஞ்சம் தந்திரமானது. 'பின்சக்கரம்தானே ஓட்டுகிறது, அங்கே மட்டும் இரண்டு பனிக்கால டயர் போட்டால் போதும்' என்ற கணக்கு. கார் அழகாகக் கிளம்பும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. திரும்புவதும், பிரேக்கில் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை. கிளம்ப முடிகிற கார் முதல் வளைவில் திரும்பாமல் நேரே போய் ஓரத்தில் இடிக்கும். மாறாக முன்னால் மட்டும் போட்டால், முதல் பிரேக்கிலேயே பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். நான்கும் ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம். இதில் பேரம் இல்லை.

தேய்மானம் என்றால் எவ்வளவு? பல நாடுகளில் சட்ட எல்லை 1.6 மில்லிமீட்டர். பனிக்கு அது பயன்படாது. பனிக்கால டயர் தன் பள்ளங்களுக்குள் பனியை அள்ளி அடைத்துக்கொண்டு, அந்தப் பனியால் சாலைப் பனியைப் பற்றுகிறது. பனியோடு பனி நன்றாகவே ஒட்டும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அள்ளுவதற்கு இடமில்லை. அந்த டயரைக் கோடையில் ஓட்டித் தேய்த்துவிட்டு அடுத்த பனிக்குப் புதிதாக வாங்குவதே மேல்.

அகலமான டயர் அதிகப் பிடி தரும் என்பது காய்ந்த சாலைப் பாடம். ஆழமான பனியிலும் உருகிய பனிச்சகதியிலும் அகல டயர் மேலே மிதக்கும். குறுகலான டயர் அழுத்தி வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடும். ஆகவே பனிக்காலத்துக்கென ஒரு அங்குலம் சிறிய ரிம்மில் குறுகலான டயர் போடுவது நல்ல வழக்கம். இரண்டு எச்சரிக்கை: பெரிய பிரேக் காலிப்பர் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) உள்ள காருக்கு எந்தச் சிறிய ரிம் பொருந்தும் என்பதை மேனுவலில் பார்த்துவிட்டே வாங்கவும். டயரின் மொத்த விட்டத்தையும் மாற்றக் கூடாது. முன், பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), நிலைப்புக் கட்டுப்பாடு (கார் சுழன்றுவிடாமல் காப்பது) எல்லாம் முடிவெடுக்கின்றன. அந்த விகிதம் கெட்டால் அவை குழம்பும்.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் சுமார் 0.1 பார் குறையும். இலையுதிர் காலத்தில் சரியாக வைத்த காற்று, கடுங்குளிர் வரும்போது 0.2, 0.3 பார் குறைந்திருக்கும். ஓடாமல் குளிர்ந்திருக்கும் டயரில் அளந்து சேர்க்கவும். பனியில் பிடிக்கும் என்று வேண்டுமென்றே காற்றை இறக்குவது மணலில் செய்யும் வித்தை, சாலைக்கு வேண்டாம்.

மணல் மூட்டை

முன்னால் எஞ்சின் உள்ள காரில் பின் அச்சின் மேல் எடை சேர்த்தால் கிளம்புவது எளிதாகும் என்பது உண்மை. 30 முதல் 50 கிலோ போதும். தவறு, மூட்டையை டிக்கியின் கடைக்கோடியில் போடுவது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை ஊசலாக வேலை செய்யும். வால் ஒருமுறை வெளியே போனால் திரும்ப இழுப்பது கடினம். அச்சுக்கு நேர் மேலே வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டவும். கட்டாத மூட்டை மோதலில் சீட்டை உடைத்துக்கொண்டு வரும். போர்ஷே 911 போல எஞ்சினே பின்னால் இருக்கும் காருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அந்தக் கார் பனியில் கிளம்புவதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் ஊசல் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது.

கிளம்பும்போது

முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை பனிக்கு மிக அதிகம். இரண்டாவது கியரில், எஞ்சின் சற்றே அதிக வேகத்தில் இருக்க, கிளட்ச்சை மெல்ல விடவும். ஆட்டோமேட்டிக்கில் ஸ்நோ மோட் இருந்தால் பல கார்களில் அது இரண்டாவது கியரில் கிளப்பி, ஆக்சிலரேட்டரையும் மந்தமாக்கும். ஸ்போர்ட் மோடைத் தொட வேண்டாம். முன்சக்கரம் நேராக இருக்கட்டும். திருப்பி வைத்துக் கிளம்பினால் பனியை உழுதுகொண்டு போக வேண்டியிருக்கும்.

சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. சாலையில் ஓடும்போது அணைப்பது ஒன்று, குழியில் சிக்கிய பிறகும் அணைக்காமல் இருப்பது மற்றொன்று. சக்கரம் சுழன்றதும் அது எஞ்சின் சக்தியை வெட்டிவிடும். சிக்கிய காரோ கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வரும். அப்போது மட்டும் அணைத்து, முன்னும் பின்னுமாக ஊசலாட்டி எடுக்கவும். பல கார்களில் பட்டனை ஒருமுறை தட்டினால் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும், சில விநாடி அழுத்திப் பிடித்தால் நிலைப்புக் கட்டுப்பாடும் சேர்ந்து போகும். முதலாவது போதும். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடவும். நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் உராய்வுச் சூடு பனியை உருக்கி, அது மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிடும். இரண்டு முயற்சி, பிறகு இறங்கி மண்வெட்டியை எடுப்பதுதான் வேகமான வழி.

'என் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருக்கிறது' என்ற துணிச்சலும் அளவோடு இருக்கட்டும். டிஃபரென்ஷியல் என்பது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு; இந்த வகை, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும். நேராகக் கிளம்ப அது உதவும். ஆனால் இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கினால், பக்கவாட்டில் காரின் வாலைப் பிடித்து நிறுத்தப் பின்னால் ஒரு சக்கரமும் மிஞ்சாது. சாலை ஓரம் சரிந்திருந்தால் கார் அந்தச் சரிவை நோக்கி நழுவும். சாதாரண டிஃபரென்ஷியலில் ஒன்று சுழன்றாலும் மற்றது ஊன்றி நிற்கும்.

ஓடும்போது: மறைந்திருக்கும் ஹேண்ட்பிரேக்

பின்சக்கரக் காரில் அதிகம் பேர் அறியாத தவறு, எஞ்சின் பிரேக்கிங். வழுக்கும் சாலையில் பிரேக்கைத் தொடாமல் கியரை இறக்கி வேகத்தைக் குறை என்பது பழைய அறிவுரை. இந்தக் காரில் எஞ்சினின் இழுவை முழுவதும் பின்சக்கரங்களில் மட்டும் விழுகிறது. நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கிக் கிளட்ச்சைச் சட்டென்று விடுவதும், வளைவில் ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும் விளைவில் ஒன்றே: பின்சக்கரம் பூட்டி, வால் சுழலும். வேகத்தைக் குறைக்க நான்கு சக்கரத்திலும் வேலை செய்யும் பிரேக்கையே பயன்படுத்துங்கள், அதுவும் வளைவுக்கு முன், சக்கரம் நேராக இருக்கும்போதே. கியரை இறக்க வேண்டுமானால் ஒவ்வொன்றாக, எஞ்சின் வேகத்தை ஏற்றிப் பொருத்திவிட்டு இறக்கவும். பின்சக்கர மின்சாரக் கார்களிலும் இதே கதை. காலை எடுத்ததும் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் பிரேக்கிங் பின் அச்சில்தான் நடக்கிறது; காரில் அந்த வசதி இருந்தால் அளவைக் குறைத்து வைக்கவும். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். நீங்கள் விரும்பாத நொடியில் அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்.

தூரத்தைத் தப்பாகக் கணிப்பது எல்லாக் காருக்கும் பொது. உராய்வுக் கெழு, அதாவது பிடியின் அளவு, காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.8, இறுகிய பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்திய கணத்திலிருந்து கார் நிற்க இவற்றில் முறையே 12, 49, 98 மீட்டர் தேவை. இது வெறும் இயற்பியல். நீங்கள் பார்த்து, யோசித்து, காலை மாற்றும் நேரம் இதில் சேரவில்லை. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய பனிக்கட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால், கடுங்குளிர்ப் பனிக்கட்டியைவிட மோசமாக வழுக்கும். பாலங்கள் மேலும் கீழும் காற்றுபட்டு முதலில் உறைகின்றன. உப்பு தூவிய சாலை என்ற நம்பிக்கையும் வேண்டாம்; மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போது சாதாரண உப்பின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

வால் நழுவினால் முதல் உந்துதல் பிரேக்கை மிதிப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. காலைப் பிடுங்கி எடுப்பதும் தவறு: எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, கண்ணைப் போக வேண்டிய திசையில் வைத்து, வால் போகும் பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மேனுவல் காரில் கிளட்ச்சை மிதித்தால் பின்சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டு உருளத் தொடங்கும். பலரும் இதுவரை சரியாகச் செய்துவிட்டு அடுத்த நொடியில் கோட்டை விடுகிறார்கள். வால் பிடி கிடைத்துத் திரும்பும்போது ஸ்டியரிங்கை அதே வேகத்தில் நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசப்படும். முதல் சுழலைவிட இந்த இரண்டாவது வீச்சுதான் மோசம். ஆளில்லாத, இடிக்க எதுவுமில்லாத பனித்திடலில், அனுமதியோடு, மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் இதைப் பழகிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறுவது முன்சக்கரக் காரின் உத்தி. பின்சக்கரக் காரில் முன்னோக்கி ஏறும்போதே எடை ஓட்டும் சக்கரத்தின் மேல் விழுகிறது. திருப்பினால் அதை இழப்பீர்கள். பாதியில் நிற்காமல் சீராக ஏறவும். சங்கிலி போடுவதானால் பின்சக்கரத்தில், மணிக்கு 50 கிலோமீட்டருக்குள். தாழ்வான பல கார்களில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சங்கிலிக்கு இடமே இருக்காது. மேனுவல் எந்த டயர் அளவுக்கு அனுமதிக்கிறது என்று பார்க்கவும்.

காரின் உடம்பு

இவ்வகைக் கார்களுக்குத் தரையிலிருந்து உயரம் பெரும்பாலும் 100 முதல் 130 மில்லிமீட்டர்தான். அதைவிட ஆழமான பனியில் போனால் பனி அடியில் இறுகிக் காரைத் தூக்கிவிடும். சக்கரம் அந்தரத்தில் சுழலும். டயர் எவ்வளவு நல்லதானாலும் இதற்கு மருந்தில்லை, அன்று காரை எடுக்காமல் இருப்பதைத் தவிர.

பனியில் ஓடிய பிறகு நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் உதறினால் உடனே அலைன்மென்ட்டை (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை) சந்தேகிக்க வேண்டாம். ரிம்மின் உட்புறம் ஒட்டி உறைந்த பனியே சமநிலையைக் கெடுத்திருக்கும். சுரண்டி எடுத்தால் போதும்.

ஃபிரேம் இல்லாத கதவுக் கண்ணாடி உள்ள கூப்பேக்களில் (இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களில்), கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கும். ரப்பரோடு உறைந்திருந்தால் இறங்காது. அப்படியே கதவைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறியும் போகும். விளிம்பு நெடுகக் கையால் அழுத்தி, பனி நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். வெந்நீர் ஊற்றுவது கண்ணாடியை உடைக்கும் வழி. குளிர் தொடங்குமுன் ரப்பரில் சிலிக்கோன் மசகு தடவி வைத்தால் இந்தப் பாடே இல்லை. துணிக்கூரையை ஈரமாகவோ உறைந்தோ இருக்கும்போது மடிக்காதீர்கள்.

ஈரத்தோடு நிறுத்திய காரில் ஹேண்ட்பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யிலோ (பார்க்கிங் நிலை) விட்டு, சக்கரத்துக்கு முட்டு வைக்கவும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நீரால் அடித்துக் கழுவி உப்பை நீக்கவும். பேட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யவும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்தும் போகும். சில கார்களில் பேட்டரி இருக்கும் டிக்கியே மின்சாரத்தால்தான் திறக்கும்! அவசரமாகத் திறக்கும் வழியை முன்பே தெரிந்து வையுங்கள்.

சிறிய மண்வெட்டி, ஒரு பை மணல், போர்வை, டார்ச் ஆகியவற்றோடு, பம்பரில் திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்றும் பார்க்கவும். அதை ஒருமுறை வீட்டிலேயே பொருத்திப் பாருங்கள். சிலவற்றில் மரை இடப்பக்கமாகச் சுற்றும். சிக்கிக்கொண்ட காரில் சூட்டுக்காக எஞ்சினை ஓடவிடுமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுக்கவும். தாழ்வான காரில் குழாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது.