தண்ணி வடியட்டும், அப்புறம் வேரைப் பாருங்கள்

2015 நவம்பரில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வயலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. நட்டு நாற்பது நாள் ஆன பயிர், நுனி இலை மட்டும் அங்கங்கே பச்சையாகத் தெரிந்தது. ஆறாவது நாள் தண்ணீர் லேசாக இறங்க ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், அரை மூட்டை யூரியாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடியது. பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "எங்கடா ஓடுற? அது இப்ப சாப்பிடுற நிலைமையிலயா இருக்கு?" என்றார். இறங்கிப் போய் ஒரு குத்தைப் பிடுங்கி, சேற்றை அலசி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். வேரெல்லாம் கறுப்பு, அழுகின முட்டை வாடை. "வெள்ளை வேர் ரெண்டு விடட்டும். அதுக்கு முன்னாடி நீ எதைப் போட்டாலும் தண்ணியோடதான் போகும். மூட்டையை வச்சிட்டுப் போய் வடிகாலை வெட்டு."

வியாபாரம் நொடித்தவர், பரீட்சையில் விட்டவர், என்னை மாதிரி வெள்ளாமையில் விட்டவர் என்று யார் வந்து இனி என்ன செய்வது என்று கேட்டாலும் நான் சொல்வது அந்த வரப்பில் கேட்டதைத்தான். தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்பதெல்லாம் ஆட்டோவுக்குப் பின்னால் எழுத நன்றாக இருக்கும். அடி வாங்கிய மறுநாள் காலையில் எழுந்ததும் கையை எதில் வைப்பது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

முதலில் வடிகால்

தோற்ற முதல் பத்துப் பதினைந்து நாளில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். நிலத்தை விற்கிறேன், திருப்பூருக்குப் போகிறேன், படிப்பை விடுகிறேன், எல்லாம் அப்புறம். வேகத்தில் எடுக்கிற முடிவும் நான் தூக்கிக்கொண்டு ஓடிய யூரியாவும் ஒன்றுதான்.

ஆனால் சும்மா உட்காரவும் கூடாது. தேங்கி நிற்பதை வெளியேற்ற வேண்டும். யாருக்குப் பணம் தர வேண்டுமோ அவர்களுக்கு நீங்களே முதலில் போன் போடுங்கள். இது கேட்கச் சுலபம், செய்யும்போது வயிற்றைக் கலக்கும். நான் உரக்கடைக்காரரைப் பார்க்காமல் இருக்க மூன்று வாரம் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன், கடைசியில் டீக்கடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். "எனக்கு மட்டும் தெரியாதா தம்பி, ஊரே முழுகிக் கிடக்கு, தையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள், தெரியும். திட்டுகிறவர் திட்டட்டும், அதுவும் ஒரு வடிதல்தான். பழைய கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது வடிகாலை அடைத்துக்கொண்டு மடையைத் திறக்கிற வேலை.

ராத்திரித் தூக்கம் நாள் கணக்கில் போய், இருந்து என்ன பயன் என்று மனசு ஒரே இடத்தில் சுற்றினால், வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 104 அல்லது 14416 உதவி எண்ணுக்கு அழைத்தாலும் தமிழிலேயே பேசலாம். டெல்டாவில் நாம் இழந்த சில பேர், கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் இருந்திருப்பார்கள் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். எங்கள் ஊரில் இது கணக்கே பார்க்காமல் இருப்பதற்கான சாக்காக ஆகிவிட்டது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று கோடு போட்டேன்: வானம், மற்றவர்கள், நான். நஷ்டத்துக்கு என்னென்ன காரணம் என்று தோன்றுகிறதோ எல்லாவற்றையும் அதனதன் பத்தியில் எழுத வேண்டும். 'நான்' என்கிற பத்தியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் அதில் கை வைத்தால் ஒன்று பொய் எழுதுவோம், இல்லையென்றால் நம்மையே போட்டு அடித்துக்கொள்வோம். வானத்தையும் ஊரையும் ஆசை தீரத் திட்டி எழுதி முடித்தபின் மனசு தானாகக் கொஞ்சம் நியாயத்துக்கு வரும்.

2015ஆம் வருடத்துக் கணக்கில் என் பத்தியில் விழுந்தவை இவை. எங்களுடைய ஒன்பது மாவும் (மூன்று மா ஒரு ஏக்கர்) பள்ளக்கால், அதாவது தாழ்ந்த நிலம், அதில் போய் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்று பி.பி.டி. நெல் ரகத்தை நட்டேன். பக்கத்து வயலில் சி.ஆர். 1009 ரகம், அதே தண்ணீரில் அதே ஆறு நாள் கிடந்து எழுந்து நின்றது. நாற்று விட்டது இருபது நாள் தாமதம், அதனால் அடைமழை வரும்போது பயிர் இன்னும் பிள்ளைப் பயிர். வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டிக் கிடந்ததை ஆடியிலேயே பார்த்தேன், பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். பயிர்க் காப்பீட்டுக்கும் பணம் கட்டவில்லை. நாலில் மூன்று, அடுத்த வருடமே காசு செலவில்லாமல் திருத்திக்கொள்ளக் கூடியவை.

2016இல் எழுதின பக்கம் நேர்மாறு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டியது, அந்த வருடம் செப்டம்பர் 20இல்தான் திறந்தார்கள். வந்ததும் முறைத் தண்ணீர் (நாள் வைத்து மாற்றி மாற்றி விடுவது), கடைமடைக்கு எட்டுவதற்குள் வாய்க்கால் காய்ந்தது. வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டது. மறு ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. வானம், மற்றவர்கள் இரண்டும் நிரம்பி வழிந்தன, என் பத்தியில் எழுத ஒன்றரை வரிதான். அந்தப் பக்கத்தைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. எல்லாத் தோல்வியும் நம் தலையில் எழுத வேண்டியது கிடையாது, ஆனால் எது யாருடையது என்று எழுதிப் பார்த்தால்தான் பிரியும்.

வயல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். என் தங்கை குரூப் 4 அரசு வேலைத் தேர்வை இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. தமிழ்தான் காலை வாருகிறது என்று ஒரே புலம்பல். உட்கார வைத்து இதே கோட்டைப் போட்டோம். தமிழ் 100 கேள்வியில் அவள் நன்றாகவே செய்திருந்தாள், பொது அறிவு 75இலும் பரவாயில்லை, மீதி 25 கணக்குக் கேள்வியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் குருட்டாம்போக்கில் நிரப்பிவிட்டு வந்திருக்கிறாள், இரண்டு தடவையும். கேள்விக்கு ஒன்றரை மார்க். அப்புறம் ஆறு மாதம், சமையலுக்கு உலை வைத்துவிட்டு அடுப்படியிலேயே தினம் பத்துக் கணக்கு. மூன்றாவது தடவை வேலை கிடைத்தது. மற்றபடி படிக்கும் நேரத்தை அவள் ஒரு மணி நேரம்கூடக் கூட்டவில்லை.

விடாப்பிடி எதில்?

கும்பகோணத்துக்காரர்கள் ராமானுஜனைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டார்கள். சொல்லட்டும், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரி இடைநிலைத் தேர்வு) பரீட்சையிலும் தேறவில்லை. 'விடாமல் முயன்று ஜெயித்தார்' என்று நாம் தாவிவிடுகிறோம். அந்தப் பரீட்சையில் அவர் கடைசி வரை தேறவே இல்லை! மறுபடி மறுபடி அதே பரீட்சையில் போய் முட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்? கணக்கை விடவில்லை, கதவை மாற்றினார். 1910இல் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருக்கோவிலூரில் இருந்த, கணிதம் தெரிந்த துணை ஆட்சியரைப் போய்ப் பார்த்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா, சாப்பாட்டுக்கு அது. இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி, உதவி கிடைக்காமல் போய், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அது திறந்தது.

ஆகவே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். எதை விட மாட்டேன்? எதை மாற்றிக்கொள்வேன்? நான் எழுதியது: நிலத்தை விட மாட்டேன், ரகத்தை மாற்றுவேன். இரண்டாவது வரியில் ஒன்றுமே எழுத வரவில்லை என்றால் அது விடாமுயற்சி இல்லை, வீம்பு.

நாலு கிலோ கடன்

நோக்கம் வேண்டும், லட்சியம் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணை மூடி யோசித்தால் அதெல்லாம் வராது, எனக்கு வரவில்லை. எனக்கு அது இரண்டு கிலோ விதையாக வந்தது.

எங்கள் பக்கத்துக் கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமனைத் தெரியாதவர்கள் குறைவு. 2018இல் காலமாகும் வரை 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். அவர் திருத்துறைப்பூண்டியில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு வழக்கம்: இரண்டு கிலோ விதை இலவசமாகத் தருவார்கள், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2015இல் நான் வாங்கிப்போன காட்டுயானம் மழையில் நாற்றங்காலோடு அழுகிவிட்டது. மறு வருடம் வெறுங்கையோடு போய் நின்றேன். விதை கொடுத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு இரண்டு கிலோவை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து, "அடுத்த தடவை சேத்துக் கொண்டாங்க" என்றார்.

அந்தப் பை வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை கண்ணில் படும். 2016இல் மற்ற நிலம் காயட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, குளத்து ஓரமாக அரை மா மட்டும் நட்டேன். ஆயில் இன்ஜின் வைத்துக் குளத்தின் அடித் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒரு தடவை இறைத்தேன். ஏழடி வளரக்கூடிய ரகம் என் மார்பு மட்டத்துக்குத்தான் வந்தது. கதிரில் கருக்காய் (பதர்) பாதி. தூற்றி அளந்தால் இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் செலவைச் சேர்த்தால் நஷ்டம்தான், நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் 2017 திருவிழாவுக்குப் போகும்போது கையில் எட்டு கிலோ இருந்தது.

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கடன் வேண்டும், பணக் கடனைச் சொல்லவில்லை. நீங்கள் நிறுத்தினால் யாருக்கு எது வராமல் போகும் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வாரம் ஒரு நாள் கணக்குச் சொல்லித்தருவது, சின்ன மெஸ் வைத்திருந்தால் தினம் வருகிற அந்த ஒரு வயசானவர், எதுவாகவும் இருக்கலாம். பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, கண்ணில் படுகிற ஆணியில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் மறுமுயற்சியை அரை மாவில் வையுங்கள். அதுவும் போனால் தாங்கிக்கொள்கிற அளவு. எத்தனை போகம் வரை பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், நான் ஐந்து என்று எழுதியிருந்தேன்.

தாளுக்குள் உளுந்து

கடைசியாக ஒன்று, இது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவோம், ஏக்கருக்கு எட்டுப் பத்து கிலோ. மண்ணில் காலை வைத்தால் மெழுகு மாதிரி ஒட்டுகிற பதம் இருக்க வேண்டும். நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு (அறுத்தபின் நிற்கிற அடிக்கட்டைக்கு) நடுவில் உளுந்து முளைத்து நிற்கும், மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வந்துவிடும். நெல் எத்தனை மூட்டை காணும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லித் திருப்புவார்களா, எதுவும் தெரிவதற்கு முன்பே அடுத்த விதை மண்ணில் கிடக்கிறது. பரீட்சை எழுதினால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், கடைக்கு லோன் கேட்டிருந்தால் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள், கையில் இருக்கிற ஈரத்தில் அடுத்ததைத் தெளித்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது வீட்டுக் கூரை ஓடு பாதி போய்விட்டது, கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் எட்டு சாய்ந்தன. கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. காட்டுயானம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. பெரியப்பா டார்ச்சை அடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "வடிகாலைப் பாத்தியா?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். அந்த வருடம் தையில் தெளித்த உளுந்து எழுபது கிலோ கண்டது.