கரண்ட் வைக்கும்போது டோஸ் கணக்கில் நம் பக்கம் நேரும் தவறுகள்

பென்னாகரம் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்வோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக என் அத்தைக்குச் சேலத்தில் 25 நாள் கரண்ட் வைத்தார்கள். தினமும் கூடப் போனவன் நான். உடம்புக்குள் போகும் கதிரின் அளவை, அதாவது டோஸை, அங்கே அவ்வளவு கவனமாக அளக்கிறார்கள். அந்தக் கணக்கைக் குலைத்தது பெரும்பாலும் நாங்கள்தான்.

பெரிய தவறு சிறுநீர்ப்பை விஷயத்தில். திட்டம் போட சி.டி. ஸ்கேன் எடுத்த அன்று அத்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது. கணக்கு முழுக்க அந்த வயிற்றுக்குப் போட்டது. பை நிரம்பியிருந்தால் குடல் மேலே ஒதுங்கும். காலியாக இருந்தால் கதிர் படும் இடத்துக்கே இறங்கி வரும். அத்தையோ பஸ்ஸில் அவசரம் வந்தால் எங்கே இறங்குவது என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். ஒருநாள் தருமபுரி பஸ் நிலையத்திலேயே அரை லிட்டர் குடிக்க வைத்தேன். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று மறித்து நின்றுவிட்டது. சேலைத் தலைப்பை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தவர், “இனிமே தண்ணி குடின்னு சொல்லாத கண்ணு” என்றார். வழி சுலபம்: ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழிப்பறையை முடித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீரை அங்கேயே குடித்து, சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும்.

சில நாள் வயிற்றின்மேல் ஒயரோடு சின்ன டயோடு ஒட்டுவார்கள். அதிலிருந்து கரண்ட் எதுவும் வராது, அது கதிரை அளப்பதற்கு மட்டும். அரிக்கிறதென்று விரலால் நகர்த்தினால், கதிரின் ஓரத்துக்குப் போய் அளவு குறைத்துக் காட்டும். இன்னொன்று, அது காட்டுவது கதிர் உள்ளே நுழையும் இடத்தின் அளவு. உள்ளே கட்டிக்கு எவ்வளவு என்பதை அதிலிருந்து கணக்கிடுவார்கள். சில இடங்களில் டயோடுக்குப் பதில் லித்தியம் ஃபுளோரைடு சில்லு வைப்பார்கள். பிறகு அதைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்தால்தான் டோஸ் தெரியும். உடனே ரிசல்ட் கேட்டு அவசரப்படுத்தக் கூடாது.

ஃபைலில் 5,000 என்று பார்த்து நான் பதறினேன், பக்கத்தில் காத்திருந்தவருக்கு 50தான். அப்புறம்தான் புரிந்தது, டோஸை அளக்கும் அலகில் ஒன்று சென்டிகிரே, மற்றது கிரே. 100 சென்டிகிரே ஒரு கிரே. இரண்டும் ஒரே டோஸ்.

உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் சிகிச்சையில், மலக்குடலுக்கு எவ்வளவு போகிறதென்று அளக்கும் மெல்லிய குழாய் ஒன்றையும் வைப்பதுண்டு. மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் முன்பே சொல்லிவிட வேண்டும். மலக்குடல் உப்பியிருந்தால், குழாய்க்குள் வரும் கதிர்ப்பொருளை நெருங்கிவிடும். போன வாரத்தைவிட நேரம் கூடினால் டோஸைக் கூட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கும் போக வேண்டாம். அந்தக் கதிர்ப்பொருளான இரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதி பலம் இழக்கும். போன வாரம் 10 நிமிடம் என்றால், அதே டோஸுக்கு இந்த வாரம் ஏறக்குறைய 40 நொடி கூடும்.

கதிர் படும் இடத்தைக் காட்டத் தோலில் போட்ட கோடுகளைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. அழிந்தால் வீட்டில் பேனாவால் வரையவும் கூடாது.

கடைசியாக எடை. இளைத்தால் கட்டி இருக்கும் ஆழம் மாறும், டோஸும் மாறும். அத்தை பாவாடை நாடாவை நாளுக்கு நாள் இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தும், சாப்பாடு இறங்காததால்தானே என்று நான் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம்தான் சொன்னேன். மறுநாளே புதிதாக சி.டி. எடுத்தார்கள்.